லண்டனிலிருந்து வரும் புகைப்பெட்டி: உள்ளே என்ன இருக்கிறது?

புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பொருட்கள் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கின்றன. ஒரு காலத்தில் சொக்லேற், வாசனைத் திரவியம், கைக்கடிகாரம். பிறகு கைபேசி, மடிக்கணினி. இப்போது அந்தப் பயணப்பைகளில் இன்னொரு பொருளும் வருகிறது. உள்ளங்கையை நிறைக்கும் ஓர் உலோகப் பெட்டி, அதன் தலையில் ஒரு கண்ணாடித் தாங்கி, அதற்கு மேல் வாயில் வைத்து இழுக்கும் குழல். பொத்தானை அழுத்தி இழுத்துவிட்டால் அறை முழுவதும் வெள்ளை மூட்டம். ஆங்கிலத்தில் ‘பொக்ஸ் மொட்’ என்பார்கள். எங்கள் பெடியளுக்கு அது ‘பெரிய வேப்’.

கிளிநொச்சியில் கைபேசியும் மின்சாரப் பொருட்களும் திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். இந்தப் பெட்டிகள் என் மேசைக்கும் வருகின்றன. சார்ஜ் ஏறவில்லை, சுடுகிறது, கருகிய மணம் வருகிறது என்று கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. நான் வைத்தியர் அல்ல. ஆனால் மின்சாரமும் பற்றரியும் என் தொழில். மற்றவற்றைத் தேடி வாசித்திருக்கிறேன். இதை வைத்திருப்பவர்களும், வீட்டில் ஒருவர் வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஜாம் போத்தல் விளக்கின் அதே தத்துவம்

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கருவியை விளங்கப்படுத்துவது சுலபம். மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை விற்ற அந்த நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். அடியில் கொஞ்சம் எண்ணெய், அதில் ஊறிய பஞ்சு, அதிலிருந்து மேலே ஏறும் திரி. எண்ணெய் திரி வழியாக ஏறி நுனியில் எரியும். எண்ணெய் வற்றினால் திரியே கருகும்.

வேப் கருவியின் தாங்கியும் அப்படித்தான். கண்ணாடிக்குள் திரவம் இருக்கும். நடுவில் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கொடுக்கும். விளக்கில் நெருப்பு செய்த வேலையை இங்கே மின்சாரம் செய்கிறது. பொத்தானை அழுத்தியதும் சுருள் சூடாகும், பஞ்சில் உள்ள திரவம் மூட்டமாக மாறும், அதை நாம் இழுக்கிறோம். எதுவும் எரிவதில்லை என்பதால் சாம்பலும் தாரும் இல்லை. சிகரட்டுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அதுதான். வருவது தூய நீராவி என்று விற்பவர்கள் சொல்வது மட்டும் சரியல்ல. திரவத்தில் என்னென்ன இருந்ததோ அவையும், சூட்டில் புதிதாக உருவானவையும், கம்பியிலிருந்து கழன்ற நுண்ணிய உலோகமும் அதில் இருக்கலாம்.

சிறிய வேப்புக்கும் பெரியதற்கும் இடையிலான வேறுபாடு வலுவில் இருக்கிறது. பேனா போன்ற சிறிய கருவி 10 முதல் 20 வாட் வரை எடுக்கும். பெட்டி வகை 60 வாட்டில் தொடங்கி 200 வாட் வரை போகும். என் கடையில் ஈயம் உருக்கும் சோல்டறிங் அயன் 60 வாட். அதற்கு மேற்பட்ட சூடு வாயிலிருந்து சில அங்குலத் தூரத்தில் உருவாகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இழுக்கும் முறையும் வேறு. சிறியதைச் சிகரட் போல முதலில் வாய்க்குள் எடுத்துப் பிறகு உள்ளே இழுப்பார்கள். பெரியதில் காற்றுத் துவாரம் அகலமானது. நேரே நுரையீரலுக்குத்தான் இழுக்க வேண்டும். ஒரு மூச்சில் உள்ளே போகும் மூட்டத்தின் அளவும் பல மடங்கு அதிகம்.

கருகிய மணம் வருகிறது என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பஞ்சைத்தான். புதுச் சுருள் போட்டவுடன் திரவம் ஊறவிடாமல் இழுத்திருப்பார்கள். அல்லது சுருளில் அச்சிட்டிருக்கும் வாட் அளவைத் தாண்டிக் கூட்டியிருப்பார்கள். காய்ந்த பஞ்சு கருகும்போதும் திரவம் அளவுக்கு மீறிச் சூடாகும்போதும் ஃபோமல்டிஹைட் போன்ற நச்சுகள் உருவாகின்றன. தொண்டையை அரிக்கும் அந்தச் சுவை ஓர் எச்சரிக்கை. அதைப் பொறுத்துக்கொண்டு இழுப்பது கெட்டித்தனம் அல்ல.

பற்றரி: பலர் கவனிக்காத ஆபத்து

பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊரில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, எந்தப் பழைய பற்றரியையும் எறிய எங்களுக்கு மனம் வருவதில்லை. பழுதான மடிக்கணினியின் பற்றரிப் பொதியை உடைத்து, உள்ளே இருப்பவற்றை எடுத்து விளக்கு செய்வார்கள், பவர் பாங்க் செய்வார்கள். அதே பழக்கம் இந்தப் பெட்டிக்குள் போகும்போது விபரீதமாகிவிடும்.

பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் 18650 எனப்படும் லித்தியம் பற்றரிகள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். மடிக்கணினிக்குள் இருப்பவையும் பல வேளைகளில் இதே அளவுதான். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் மடிக்கணினிப் பற்றரி நீண்ட நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வேப் பெட்டி கேட்பது சில செக்கன்களுக்குப் பெரிய மின்னோட்டம்.

பாடசாலையில் படித்த ஓமின் விதியை நினைவுபடுத்துங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு பற்றரி 4.2 வோல்ட். சுருளின் தடை 0.2 ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 21 அம்பியர். வலு ஏறக்குறைய 88 வாட். சாதாரண கைபேசிச் சார்ஜர் 2 அம்பியர்தான் கொடுக்கிறது. 5 அம்பியருக்குச் செய்த பற்றரியிடம் 20 அம்பியர் கேட்டால் அது சூடாகும், உள்ளே வாயு சேரும், பிளக்கும், தீப்பிடிக்கும்.

நல்ல பெட்டிகளில் மின்னோட்டத்தைக் கண்காணித்துத் துண்டிக்கும் சுற்றுப்பலகை இருக்கிறது. ‘மெக்கானிக்கல்’ என்று விற்கப்படும் வகையில் அது கிடையாது. பற்றரி, சுருள், பொத்தான் அவ்வளவுதான். அமெரிக்காவில் 2018 மே மாதம் ஃபுளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் வேப் கருவி வெடித்து ஒவ்வொருவர் உயிரிழந்தார்கள். அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை இவ்வாறான 195 தீ மற்றும் வெடிப்புச் சம்பவங்களைத் திரட்டியது. அவற்றில் 133 பேர் காயமடைந்தனர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கருவியோ மேலதிகப் பற்றரியோ உடையின் பைக்குள் இருந்தபோது நடந்தவை. காற்சட்டைப் பைக்குள் சாவியும் சில்லறையும் பற்றரியோடு உரசினால் போதும், இரு முனைகளும் இணைந்துவிடும். அதில் எரிவது தொடை. தீக்காயம் என்றால் என்னவென்று எங்கள் மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

போலிப் பற்றரிகளையும் கவனியுங்கள். 9,900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டு மலிவாக விற்பவை பொய். இந்த அளவுப் பற்றரியில் நல்ல தரமானவையே பெரும்பாலும் 3,500ஐ ஒட்டித்தான் நிற்கும்.

திரவத்தில் இருப்பது என்ன?

திரவம் நான்கு பொருட்களின் கலவை. கிளிசரின், புரோபிலின் கிளைகோல், சுவையூட்டி, நிக்கொட்டின். வெள்ளை மூட்டத்தைத் தருவது கிளிசரின். நிக்கொட்டின் எங்களுக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்துச் சுருட்டிலும், வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் இருப்பது அதுதான்.

பெரிய கருவிக்கு ஊற்றும் திரவத்தில் நிக்கொட்டின் மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். சிறிய வேப்பில் 20 என்று இருக்கும். இதைப் பார்த்துப் பெரியது பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். சிறிய கருவியில் ஒருவர் நாளுக்கு 2 மில்லிலீற்றர் முடித்தால் திரவத்தில் இருந்த நிக்கொட்டின் 40 மில்லிகிராம். பெரிய கருவியை விடாமல் இழுப்பவர் 12 மில்லிலீற்றர் முடித்தால் 36 மில்லிகிராம். ஏறக்குறைய அதே அளவு. அதற்காக உள்ளே போன மூட்டமும் சுவையூட்டியும் ஆறு மடங்கு.

பிரித்தானியாவில் நிக்கொட்டின் உள்ள திரவத்தை 10 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் விற்க முடியாது. அதனால் பெரிய கருவி வைத்திருப்பவர்கள் நிக்கொட்டின் இல்லாத 50 மில்லிலீற்றர் திரவத்தை வாங்கி, 18 மில்லிகிராம் செறிவுள்ள 10 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைத் தனியாக வாங்கிக் கலப்பார்கள். அந்தச் சிறிய போத்தலுக்குள் மட்டும் 180 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கிறது. சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவிக்க அது போதும். பழவாசனை, பளிச்சென்ற நிறத்தில் படம், கண்மருந்துப் போத்தல் போன்ற தோற்றம். 2014 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று திரவ நிக்கொட்டினைக் குடித்து இறந்தது. அதன் பிறகுதான் அங்கே குழந்தைகள் திறக்க முடியாத மூடி சட்டமானது.

திரவம் முடிந்துவிட்டது, மருந்துக்கடைக் கிளிசரினோடு கேக்குக்குப் போடும் எசன்ஸ் கலந்து ஊற்றலாமா என்று ஒரு பெடியன் என்னிடம் கேட்டான். கூடாது. சாப்பிடக்கூடிய பொருள் எல்லாம் மூச்சில் எடுக்கக்கூடியது அல்ல. 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்தவர்களிடையே திடீரென நுரையீரல் பாதிப்புப் பரவியது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் களவாக விற்கப்பட்ட கஞ்சாச் சாறு அடங்கிய திரவங்களில் விற்றமின் ஈ அசிற்றேற் கலக்கப்பட்டிருந்தது. விற்றமின் ஈயை வில்லையாக விழுங்கினால் தீங்கில்லை. அந்த எண்ணெய்ப் பொருள் நுரையீரலுக்குள் போனபோது உயிர்களை எடுத்தது. தேங்காய் எண்ணெயோ, வாசனை எண்ணெயோ, வேறு எந்த எண்ணெயோ இந்தத் தாங்கிக்குள் போகக்கூடாது.

சிகரட்டை விட உதவுமா?

என் வயதுக்காரர் ஒருவர். இறுதி யுத்தத்தில் முழங்காலுக்குக் கீழ் ஒரு காலை இழந்தவர். முகாமில் இருந்த காலத்தில் பிடித்த சிகரட் பழக்கம் விடவில்லை. “அண்ணை, லண்டனிலை இருந்து மச்சான் அனுப்பினவர். இதை இழுத்தால் சிகரட்டை விட்டிடலாமாம். உண்மையோ? மகள் கிட்ட வரவே மாட்டன் எண்டுறாள், மணக்குதாம்” என்று பெட்டியை மேசையில் வைத்தார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பிரித்தானியாவின் அரச சுகாதார சேவை, புகைக்கும் பெரியவர்கள் சிகரட்டை முற்றாக விடுவதற்கு வேப் ஒரு வழி என்று கூறுகிறது. நிக்கொட்டின் ஒட்டு, சுவிங்கம் ஆகியவற்றைவிட நிக்கொட்டின் உள்ள வேப்பைப் பாவித்துச் சிகரட்டை விட்டவர்கள் அதிகம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு இதை ஏற்றுப் பரிந்துரைக்கவில்லை. நீண்டகாலப் பாதிப்பு முழுமையாகத் தெரியவர இன்னும் பல ஆண்டுகள் செல்லும். இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் விடயங்கள் சில உண்டு. புகைக்காதவர் இதைத் தொடக்கூடாது. பிள்ளைகள் தொடக்கூடாது. சிகரட்டையும் இதையும் மாறி மாறி இழுத்தால் சிகரட்டின் தீங்கு அப்படியே இருக்கும். சிகரட்டை விடுவதற்கு 150 வாட் பெட்டி தேவையும் இல்லை. மூட்டத்தின் அளவுக்கும் பழக்கத்தை விடுவதற்கும் தொடர்பு கிடையாது.

அவருடைய பெட்டியைச் சுருளில் அச்சிட்ட ஆகக்குறைந்த வாட்டுக்கு இறக்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்தார். ஒரு பெட்டி சிகரட் இரண்டு சிகரட்டாகக் குறைந்திருந்தது. அந்த இரண்டும் நிற்கவில்லை. இரவு நித்திரை வராதபோது வேப்பை விடிய விடிய இழுப்பதாகச் சொன்னார்.

காயப்பட்ட உடலும் மனமும்

அந்த இரவுகள்தான் எங்கள் மக்களுக்கு முக்கியமானவை. “இழுத்தால் மனம் ஆறும்” என்று பலர் சொல்வார்கள். அது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. நிக்கொட்டின் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையும்போது படபடப்பு, எரிச்சல், பதற்றம் வரும். அடுத்த இழுப்பு அந்தப் பதற்றத்தைத் தணிக்கிறது. அதை நாம் ஆறுதல் என்று எண்ணுகிறோம். முன்னைய இழுப்பு உண்டாக்கிய குறையைத்தான் அடுத்தது நிரப்புகிறது. 2014இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த, 26 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று, புகைத்தலை விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. யுத்தம் தந்த நித்திரையின்மைக்கும் கெட்ட கனவுகளுக்கும் வேறு சிகிச்சை இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் அது இலவசம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தோலுக்குப் போகும் இரத்தம் குறையும். காயம் ஆறுவது பிந்தும். சத்திரசிகிச்சைக்கு முன் புகைப்பதை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். செயற்கைக்கால் உரசி எஞ்சிய காலில் அடிக்கடி புண் வருபவர்கள், ஷெல் துண்டு எடுக்கச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் இதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெஞ்சில் காயப்பட்டு நுரையீரல் பலம் குறைந்தவர்களுக்கு, நேரே நுரையீரலுக்கு இழுக்கும் பெரிய கருவி சிறிதும் பொருத்தமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். 2016 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்தது. ஆனாலும் களவாக விற்கப்படுகின்றன. களவாக விற்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று பரிசோதிப்பவர் யாரும் இல்லை. போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. வெளிநாட்டு உறவுகளுக்கும் இது விளங்க வேண்டும். அங்கே சட்டபூர்வமாக, தரக்கட்டுப்பாட்டோடு கிடைக்கும் பொருளை இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த போத்தலும் அடுத்த பற்றரியும் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இதை அன்பளிப்பாகத் தராதீர்கள்.

வீட்டில் ஏற்கனவே இருந்தால்

பற்றரியின் பிளாஸ்ரிக் உறை கிழிந்திருந்தால் பாவிக்க வேண்டாம். உறைக்குக் கீழே சுற்றிவர இருப்பது எதிர்முனை. மேலதிகப் பற்றரியைப் பிளாஸ்ரிக் பெட்டியில் மட்டும் வைத்திருங்கள். இரண்டு பற்றரி போடும் கருவிக்கு ஒரே நேரத்தில் வாங்கிய ஒரே சோடியைப் போடுங்கள். இரவில் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும், பொதிகளோடு அனுப்பக்கூடாது.

திரவத்தைப் பூட்டி வையுங்கள். தோலில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். வாந்தி, வியர்வை, வாயில் நீர் ஊறுதல், முகம் வெளிறுதல், நடுக்கம் ஆகியவை அறிகுறிகள். அறிகுறி வரும்வரை காத்திராமல் 1990 அம்புலன்சை அழைத்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். புகைத்தலை விட ஆலோசனை வேண்டுபவர்கள் 1948க்கு அழைக்கலாம்.

என் கடையில் இந்தப் பெட்டிகள் தொடர்பாக மூன்று வேலைகளைச் செய்வதில்லை. மடிக்கணினிப் பற்றரியை இதற்குள் போட்டுக் கொடுப்பதில்லை. பாதுகாப்புச் சுற்றைத் துண்டித்து வலுவைக் கூட்டிக் கொடுப்பதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் கொண்டுவந்தால் திருத்திக் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடையில் செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. போகட்டும். ஐந்நூறு ரூபாய்க்காக இன்னொரு பிள்ளையின் தொடை எரிவதற்கு என் கையால் ஈயம் வைக்க எனக்கு மனமில்லை.